வெள்ளைப் பந்தை எதிலும் படாமல் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டார். இது ஃபவுல் இல்லையா?

பெரம்பூர்க்காரன்:

அனைவருக்கும் வணக்கம். 2025 ஜூலையில் சவூதியின் ஜெட்டாவில் நடந்த உலக பூல் (கோலால் பந்தைத் தட்டி மேசைக் குழிகளில் விழவைக்கும் ஆட்டம்) சாம்பியன்ஷிப் ஆட்டங்களை இப்போதுதான் யூடியூபில் ஒவ்வொன்றாகப் பார்த்துவருகிறேன். இறுதி ஆட்டத்தில் பிலிப்பைன்ஸின் கார்லோ பியாடோ, ஃபெடோர் கோர்ஸ்டை 15-13 என்று வென்றது முன்பே தெரியும். முடிவு தெரிந்து பார்ப்பதில் ஒரு வசதி, படபடப்பு இல்லாமல் கவனிக்கலாம். அப்படிக் கவனித்தும் ஒரு விஷயம் பிடிபடவில்லை.

தொடக்கச் சுற்று ஆட்டம் ஒன்றில் ஒருவர் பிரேக் (அடுக்கிய பந்துகளைச் சிதறவைக்கும் முதல் அடி) அடித்தார். ஒரு பந்து குழியில் விழுந்தது. அடுத்த அடியும் அவருடையதுதான். மேசையைச் சுற்றி வந்தார், குனிந்து பார்த்தார், நடுவரிடம் ஏதோ சொன்னார். பிறகு வெள்ளைப் பந்தை மெல்லத் தட்டினார். அது எந்தப் பந்தையும் தொடாமல் குஷன் (மேசையின் ரப்பர் விளிம்பு) ஓரமாகப் போய் நின்றது. அவர் நாற்காலிக்குத் திரும்பிவிட்டார். எதிராளி எழுந்து வந்து இரண்டு பக்கமும் நின்று பார்த்தார், தலையசைத்தார், போய் உட்கார்ந்துவிட்டார். முதலாமவரே மறுபடி வந்து அடித்தார்!

எங்கள் பகுதி பூல் பார்லரில் இப்படிச் செய்தால் அடுத்தவன் ‘ஃபவுல்’ என்று கத்திக்கொண்டே வெள்ளையைக் கையில் எடுத்து, வேண்டிய இடத்தில் வைத்து அடிப்பான். சாம்பியனுக்கு மட்டும் இரண்டரை லட்சம் டாலர் பரிசு வைத்திருக்கும் போட்டியில் இது எப்படிச் செல்லும்? தெரிந்தவர்கள் விளக்குங்கள்.

அடையாறு நண்டு:

அதன் பெயர் புஷ் அவுட். பிரேக்குக்கு அடுத்த அடிக்கு மட்டும் செல்லும். ஃபவுல் இல்லை. தேடினால் நிறைய வீடியோ கிடைக்கும்.

பழைய மார்க்கர்:

தம்பி, நண்டு பெயரைச் சொல்லிவிட்டுப் போய்விட்டார், காரணத்தைச் சொல்லவில்லை. நான் மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பழைய கிளப்பில் மார்க்கராக இருந்து ஓய்வுபெற்றவன். மார்க்கர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஸ்கோர் சொல்வது, பந்து எடுத்து வைப்பது, ஜோடி கிடைக்காத உறுப்பினரோடு நின்று ஆடுவது, சில பெரிய மனிதர்களிடம் மரியாதையாகத் தோற்பது, எல்லாமே எங்கள் வேலை.

நீ பார்த்தது ஒன்பது பந்து ஆட்டம். அதில் மேசையில் எந்த எண் குறைவோ அந்தப் பந்தைத்தான் வெள்ளை முதலில் தொட வேண்டும். தொட்ட பிறகு எந்தப் பந்து விழுந்தாலும் கணக்கில் சேரும். முறையாக ஒன்பது விழுந்தால் அந்த ரேக் (ஒரு சுற்று) முடிந்தது. பிரேக்கில் பந்துகள் சிதறும்போது வெள்ளை எங்கே போய் நிற்கும் என்று அடித்தவருக்கே உறுதி கிடையாது. அது போய் ஐந்தாம் பந்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் ஒன்றாம் பந்து கண்ணிலேயே படாது. நன்றாக பிரேக் அடித்தவன் வெறும் துரதிர்ஷ்டத்தால் மாட்டிக்கொள்கிறான். அதனால்தான் அந்த ஓர் அடிக்கு மட்டும் விதியைத் தளர்த்தி வைத்திருக்கிறார்கள். வெள்ளை எந்தப் பந்தையும் தொட வேண்டாம், குஷனிலும் பட வேண்டாம். குழியில் விழுவது போன்ற மற்ற ஃபவுல்களுக்கு மட்டும் மன்னிப்பில்லை. பிரேக்கில் ஒன்றும் விழாவிட்டால் இந்த உரிமை அடுத்து வருபவனுக்குப் போகும்.

சும்மா கிடைத்த சலுகை என்று எண்ணாதே. தள்ளிய பிறகு முடிவு எதிராளியின் கையில். அவன் அடிக்கலாம், ‘நீயே அடி’ என்று திருப்பியும் விடலாம். சுலபமான இடத்தில் கொண்டுபோய் வைத்தால் மேசையையே துடைத்துவிடுவான். யாராலும் முடியாத இடத்தில் வைத்தால் உன் தலையிலேயே கட்டிவிடுவான். அண்ணன் பாகம் பிரிக்க, தம்பி முதலில் எடுத்துக்கொள்வது மாதிரியான ஏற்பாடு இது. பிரிக்கிறவன் நியாயமாகத்தான் பிரிக்க வேண்டும். ஆனால் கிணறு எந்தப் பக்கம் ஊறும் என்று அண்ணனுக்கு மட்டும் தெரிந்திருந்தால் நல்லது.

ஆகவே தேர்ந்த ஆட்டக்காரன் தள்ளுவதற்கு முன்னால் எதிரே உட்கார்ந்திருப்பவனை எடைபோடுகிறான். அவனுக்கு நீளமான மெல்லிய வெட்டு, அதாவது பந்தின் ஓரத்தை மட்டும் உரசும் அடி, வருமா? குஷனில் மோதித் திரும்பி வந்து பந்தைத் தொடத் தெரியுமா? பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரெயெஸ் போன்ற மனிதர் எதிரே இருந்தால் அந்தக் குஷன் வழியைத் திறந்துவைப்பவன் முட்டாள். 1994இல் அமெரிக்க ஓபனை வென்ற முதல் வெளிநாட்டவர் அவர். 1999இல் கார்டிஃபில் உலகப் பட்டம். மூன்று குஷன் சுற்றி வந்து தொடும் அடியை, கடைக்குப் போய் வருகிறவர் போல அலட்டிக்கொள்ளாமல் அடிப்பார்.

இன்னொன்று. ‘மெல்லத் தட்டினார்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த மெல்லத் தட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. நான் பார்த்துக்கொண்ட ஸ்னூக்கர் மேசைத் துணியில் ரோமம் உண்டு. தினமும் ஒரே திசையில் பிரஷ் போட வேண்டும், பிறகு இஸ்திரி. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் துணி ஈரத்தை இழுத்துவிடும். காலையில் அடித்த அதே வேகத்துக்கு மாலையில் பந்து ஒரு சாண் முன்னதாகவே நின்றுவிடும். உறுப்பினர்கள் முறைப்பது என்னைத்தான், வருண பகவானை அல்ல. சர்வதேசப் பூல் மேசையில் போடுவது ரோமமில்லாத வழுவழுப்பான கம்பளித் துணி. தொட்டால் போதும், பந்து ஓடிக்கொண்டே இருக்கும். அதில் வெள்ளையை நினைத்த இடத்தில் நிறுத்துவதைப் பார், அப்போது தெரியும் யார் ஆட்டக்காரன் என்று.

ஜம்ப் மட்டும் எனக்குப் பிடிக்காது. குட்டைக் கோலை எடுத்து வெள்ளையை எகிற வைத்துத் தடையைத் தாண்டுவது சர்க்கஸ் வேலை. ஸ்னூக்கரில் அப்படித் தாண்டினால் ஃபவுல். 1882இல் நம் உதகமண்டலத்து கிளப்பில் விதிகளை எழுதி மாட்டிய வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்திருந்தால் கோலைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள்.

ஒன்பதாம் பந்து:

மார்க்கர் ஐயா, பாகப் பிரிவினை உதாரணம் பிரமாதம். சர்க்கஸ் என்றதைத்தான் ஏற்க முடியவில்லை. ஜம்ப் கோலுக்கும் அளவு உண்டு, 40 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அண்ணா நகரில் நான் ஆடும் பார்லரில் ஒரு ஜம்ப் கோல் இருக்கிறது. வாங்கி அடித்துப் பாருங்கள், வெள்ளை மேசையைத் தாண்டித் தரையில் உருண்டு சோஃபாவுக்கு அடியில் போகும். (ஒரு பெண் அதைத் தேடிக் குனிந்தால் பக்கத்து மேசைகளில் ஆட்டம் நின்றுவிடும். அது வேறு கதை.)

பெரம்பூர் அண்ணாவுக்கு: ஜம்ப் வந்த பிறகு புஷ் அவுட்டின் கணக்கே மாறிவிட்டது. மறைக்கும் பந்து வெள்ளையிலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றால் இன்றைய ஆட்டக்காரர்களுக்கு அது மறைவே இல்லை, தாண்டிவிடுவார்கள். வெள்ளைக்கு இரண்டு விரல் தூரத்தில் ஒட்டி நின்றால்தான் எகிற வைக்க இடமிருக்காது. அதனால் பலர் வெள்ளையை ஒளித்து வைக்காமல், பந்து தெரிகிற மாதிரியே ஆனால் குழிக்குள் போவது சந்தேகமாக இருக்கிற மாதிரி வைக்கிறார்கள். நீங்கள் பார்த்த ஆள் குஷன் ஓரமாக நிறுத்தினாரே, அது இந்த வகையாக இருக்கலாம். குஷனை ஒட்டிய வெள்ளையை அடிக்கக் கோலின் பின்பக்கத்தைத் தூக்க வேண்டியிருக்கும், குறி தவறும். எதிராளி அதைக் கணக்குப் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்திருப்பார். குழியின் வாயும் அங்கே நான்கு அங்குலம்தான். பந்தின் குறுக்களவு இரண்டே கால் அங்குலம். நம் பார்லர் குழிகளில் குஷனை உரசிக்கொண்டு வரும் பந்துகூட விழும். அங்கே குழி வாயின் இரு ஓரத்திலும் மோதி ஆடிவிட்டு வெளியே நிற்கும்.

பிரேக்கும் முன்பு போல இல்லை. ஒன்றாம் பந்தை மேசையில் குறித்த புள்ளியில் வைத்து அடுக்கிய காலத்தில், சரியான வேகம் கிடைத்துவிட்டால் ஓரத்துப் பந்து மூலைக் குழிக்கு வழி கேட்காமல் போகும். இப்போது பெரிய போட்டிகளில் ஒன்பதாம் பந்தைப் புள்ளியில் வைக்கிறார்கள்; அடுக்கு முழுவதும் முன்னே நகர்ந்துவிடுவதால் அந்தச் சுலப வழி அடைபட்டது. பிரேக்குக்குப் பின் குழப்பமான நிலை வருவதும், ஆட்டக்காரர்கள் தள்ள யோசிப்பதும் அதனால்தான் பார்க்க இன்னும் சுவையாக இருக்கிறது என்பது என் கட்சி.

ஐயாவுக்கு ஆறுதலாக ஒன்று: 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்னூக்கர் பட்டத்தை வென்ற அனுபமா ராமச்சந்திரன் சென்னைப் பெண். ஜம்ப் கோலைத் தொடாமலேயே!

பெரம்பூர்க்காரன்:

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. அந்த ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நடுவரிடம் அவர் சொன்னது ‘புஷ்’ என்பது இப்போது காதில் விழுகிறது. கடைசியாக ஒரு சந்தேகம்: அப்படித் தள்ளும்போது ஒன்பதாம் பந்தே குழியில் விழுந்துவிட்டால் ஆட்டம் ஜெயித்ததாகிவிடுமா?

பழைய மார்க்கர்:

ஆகாது. ஒன்பதை எடுத்து மறுபடி புள்ளியில் வைத்துவிடுவார்கள். வேறு பந்து விழுந்திருந்தால் அது விழுந்தபடியே கிடக்கும். யார் அடிப்பது என்ற முடிவு அப்போதும் எதிராளியுடையதுதான். பார்லரில் முயற்சி செய்வதாக இருந்தால் அடிக்கும் முன்பே ‘புஷ்’ என்று வாய்விட்டுச் சொல். சொல்லாமல் தட்டினால் அது வழக்கமான அடியாகவே கணக்கு, உன் நண்பன் பந்தைக் கையில் எடுத்துக்கொள்வதில் தவறே இல்லை.

அந்த அம்மாவுக்கு: சோஃபாவுக்கு அடியில் போன பந்தைத் துடைத்துவிட்டு மேசையில் வையுங்கள். மணல் ஒட்டியிருந்தால் துணி கிழியும்.