மறு: பார்ஸ், எலாப்ஸ்டு டைம் – இரண்டுக்கும் திங்களுக்குள் தமிழ் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பைத்தான் நிரல்மொழியில் தேதி, நேரம் பற்றி நான்கு பக்கக் குறிப்பு எழுதுகிறேன். திங்கள் காலை ஜெராக்ஸ் கடைக்குப் போக வேண்டும். இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று பார்ஸ். கோப்பில் 03/04/2011 என்று வெறும் எழுத்தாகக் கிடப்பதை நாள், மாதம், ஆண்டு என்று நிரல் புரிந்துகொள்கிற வேலை. பாகுபடுத்தல் என்று போட்டேன். ஒரு பெண் எழுந்து, "மிஸ், சாதிப் பாகுபாடு மாதிரியா?" என்றாள். மற்றது எலாப்ஸ்டு டைம், ஒரு வேலை தொடங்கி முடியும்வரை ஆகிற நேரம். 'கழிந்த நேரம்' என்றதும் கடைசி பெஞ்சில் ஒரே சிரிப்பு, ஏன் என்று விளக்க வேண்டாம். 'கடந்த நேரம்' என்றால் போன பீரியடா என்கிறார்கள்.

லேபில் ஒரு கணினியில் உள்பேட்டரி செத்துவிட்டது. போட்டதும் 1.1.2009 என்று காட்டும், இணையம் வந்ததும் இன்றைய தேதிக்குத் தாவும். ஒரு பையன் பட்டியலை வரிசைப்படுத்தத் தொடங்கும்போது மணி பார்த்து, முடிந்ததும் பார்த்து, நிரலை விட்டுக் கழிக்கச் சொன்னான். நடுவில் இணையம் வந்துவிட்டது. விடை ஐயாயிரத்துச் சொச்சம் நாள். அவனுக்கு மணி காட்டுகிற நேரம் வேறு, ஆகிப்போன நேரம் வேறு என்று சொல்லித்தர ஒரு சொல் கொடுங்கள்.

*

மயிலாடுதுறையிலிருந்து:

அம்மா, பாகுபடுத்தலில் குற்றம் ஏதுமில்லை, குற்றம் சமூகத்தில். பகு என்னும் வேரிலிருந்துதான் பகுதி, பகல், பால், பாதி, பாகம் எல்லாம். பகல் என்றாலே நாளைப் பகுத்தது என்றுதான் பொருள். நன்னூலில் பகுபதம், பகாப்பதம் படிக்காத பிள்ளை உண்டா? பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரிக்கிறவனுக்கு நாள், மாதம், ஆண்டு பிரிக்க வராதா? உங்கள் 03/04/2011 நம் இலக்கணப்படி ஒரு பொதுமொழி. வேங்கை என்றால் ஒரே சொல்லாக நின்று மரம், பிரித்தால் வேம் + கை. அதுபோல ஏப்ரல் 3 என்று ஒருவன் படிப்பான், மார்ச் 4 என்று அமெரிக்கன் படிப்பான். பகுத்தறிதல் என்றே வைத்துவிடலாம்.

*

பெங்களூரிலிருந்து:

ஐயா, பகுத்தறிதல் என்று போட்டால் நிரல் கடவுள் மறுப்புப் பேசும் என்று பிள்ளைகள் நினைப்பார்கள். பாகம் வடசொல் என்று போன மாதம் நீங்களே என்னைத் திட்டினீர்கள், இப்போது பகு வீட்டுப் பிள்ளையாகிவிட்டதா?

என் கட்சி பழையதுதான். 'பார்ஸ் செய்' என்று எழுதுங்கள். பைத்தானில் எழுத்தைத் தேதியாக்குகிற ஸ்டிரிப்டைம் (strptime) என்ற பெயரில் இருக்கிற 'பி' பார்ஸ்தான், தேதியை எழுத்தாக்குகிற ஸ்டிரெஃப்டைமில் (strftime) இருக்கிற 'எஃப்' ஃபார்மட். இந்த இரண்டையும் குழப்பாத புதியவனை நான் பார்த்ததில்லை. சொல்லைத் தமிழாக்கினால் அந்தப் பிடியும் போய்விடும். தமிழ்தான் வேண்டும் என்றால் 'பிரித்துப் படி'. கணினிக்கு இடுகிற கட்டளை மாதிரியே இருக்கிறது: இந்த எழுத்துச் சரத்தை நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் பிரித்துப் படி.

மற்றதற்கு ஏன் சிரமம்? நாம் 'எத்தனை மணிக்கு' என்றும் 'எத்தனை மணி நேரம்' என்றும் தெளிவாகவே பிரித்துப் பேசுகிறோம். 'எவ்வளவு நேரம் ஆச்சு' என்பதிலிருந்து 'ஆன நேரம்'. 'பிடித்த நேரம்' மட்டும் வேண்டாம், பிள்ளைகள் பி.டி. பீரியட் என்று எழுதுவார்கள்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

உங்கள் பையனுக்கு வந்தது பேட்டரியால், எங்களுக்கு வந்தது அரசாங்கத்தால். 1996 மே மாதம் இலங்கையில் மணியை ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளினார்கள், அதே வருடம் அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தார்கள், 2006 ஏப்ரல் 15 அன்று மிச்ச அரை மணியையும் இழுத்து, கிரீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் என்ற பழைய கணக்குக்கே வந்தோம். அந்த இரவு 12.30 ஆனதும் மணி மறுபடி 12 ஆனது. ஆகவே 12.10 இரண்டு தரம் வந்தது. ஒரு பிள்ளை 12.10க்குப் பிறந்தது என்று பதிவில் இருந்தால் எந்த 12.10? சாத்திரியாரைக் கேளுங்கள், ஒரு சாதகத்துக்கு இரண்டு எழுதித் தருவார். எப்படிப் பிரித்துப் படித்தாலும் எழுத்தில் இல்லாததை எடுக்க ஏலாது, அதையும் உங்கள் குறிப்பில் ஒரு வரி போடுங்கோ டீச்சர்.

'ஆன நேரம்' நல்லது. ஆனால் 'ஆன நேரம், ஆகாத நேரம்' என்று இராகுகாலம் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கோ.

*

மயிலாடுதுறையிலிருந்து, மீண்டும்:

இரவெல்லாம் தூக்கமில்லை. முல்லைப்பாட்டில் இருக்கிறது ஐயா! பாசறையில் அரசனிடம் நாழிகைக் கணக்கர் வந்து, குறுநீர்க் கன்னலில் இவ்வளவு ஆயிற்று என்று சொல்கிறார்கள். கன்னல் என்பது நீர் சொட்டி அளக்கிற வட்டில். அதற்கு ஊர் மணி தெரியாது, சூரியன் தெரியாது, யார் திருப்பிவைத்தாலும் தெரியாது, விழுந்த நீர் எவ்வளவு என்பது மட்டுமே தெரியும். அந்தக் கணக்கரைப் புலவர் 'பொழுதளந்து அறியும் பொய்யா மாக்கள்' என்கிறார். பொய்யா! உங்கள் பையனின் கணினி பொய் சொன்னது, கன்னல் சொல்லியிருக்காது. எலாப்ஸ்டு டைமுக்குக் கன்னல் என்றே வையுங்கள், கன்னல்நேரம் என்றாலும் சரி.

*

பெங்களூரிலிருந்து:

உண்மையைச் சொல்கிறேன், இதை நான் எதிர்பார்க்கவில்லை. 2012இல் பைத்தான் 3.3இல் வந்த மோனோடானிக் கடிகாரம் இதேதான்: அது காட்டுகிற எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது, இரண்டு எண்ணைக் கழித்தால்தான் அர்த்தம், ஒருபோதும் பின்னால் போகாது. அந்தக் கடிகாரத்துக்குக் கன்னல் என்று வையுங்கள், கைதட்டுகிறேன். அது அளந்து தருகிற நேரத்துக்கு வேண்டாம். அகராதியில் கன்னல் என்றால் கரும்பும்தான். பாகுபடுத்தல், கன்னல் இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் குறிப்பேடா அல்வாக் கடையா என்று தெரியாது.

*

டீச்சர்:

ஞாயிறு இரவு பதினொன்றரைக்கு முடித்தேன். 'பிரித்துப் படித்தல்', 'ஆன நேரம்' இரண்டும் உள்ளே. அடைப்புக்குள் பார்ஸ் என்று ஒரே ஒருமுறை. கன்னலைப் பெட்டிச் செய்தியாகப் போட்டிருக்கிறேன் ஐயா, படமும் வரைந்து. முதல் பக்கத் தலைப்பில் மட்டும் பாகுபடுத்தல் என்று பழையபடியே நின்றுவிட்டது, கடைக்காரர் அறுபது பிரதி எடுத்த பிறகுதான் பார்த்தேன்.

*

மயிலாடுதுறையிலிருந்து:

தலைப்பு சரியாகத்தான் இருக்கிறது. மாற்ற வேண்டாம்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து:

குறிப்பைப் பார்த்தேன், நன்று. மூன்றாம் பக்கத்தில் டைம் ஜோனுக்கு 'நேர மண்டலம்' என்று இருக்கிறது. நாங்கள் வலயம் என்றுதான் பாவிப்பது. மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள் அல்லவோ?