கிரைண்டரில் சாண்டிங் டிஸ்க் போட்டால் பலகை கருகுது, கோடு விழுது. எதை வாங்கலாம்?

மஞ்சக்குப்பம் மரவேலை:
வணக்கம். 2011 தானே புயல்ல பண்ருட்டிப் பக்கம் மாமனார் தோப்புல சாய்ஞ்ச பலா. அறுத்து அடுக்கி வெச்சிருந்த பலகையில இப்பதான் சாப்பாட்டு மேசை போடறேன். இருக்கறது 4 இன்ச் ஆங்கிள் கிரைண்டர். வெல்க்ரோ பேட் மாட்டி 80 நம்பர் (நம்பர் கம்மின்னா சொரசொரப்பு ஜாஸ்தி) டிஸ்க் ஒட்டித் தேய்ச்சா, கொஞ்ச நேரத்துலயே டிஸ்க் மழமழன்னு ஆகி மரம் கருகுது. கருகாத இடத்துல சீலர் (பாலிஷுக்கு முன்னாடி அடிக்கற பூச்சு) அடிச்சதும் பிறை பிறையாக் கோடு தெரியுது. கடையில, விலை கூடின டிஸ்க் வாங்குங்கன்றாங்க. கையில 3000 ரூபாய் இருக்கு. டிஸ்க்கா, மிஷினா?

வில்லியனூர் பட்டறை:
டிஸ்க் மேல பழி போடாதீங்க தம்பி. 4 இன்ச் கிரைண்டர் நிமிஷத்துக்கு 11,000 சுத்து வரைக்கும் போகும். கொஞ்சம் சாய்ஞ்சாலும் ஓரம் மரத்தைக் கடிச்சிடும், அதான் பிறைக்கோடு. சூட்டுல மரத்தூள் பேப்பர்ல அப்பிக்கும். அப்புறம் அது தேய்க்காது, தீய்க்கும். இன்னொண்ணு, அந்த பேட் பின்னாடி எத்தனை ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து) வரைக்கும்னு போட்டிருக்கும், பாருங்க. ட்ரில்லுக்குன்னு வர்ற பேட் பலதும் கிரைண்டர் வேகத்தைத் தாங்காது. பிய்ச்சுக்கிட்டு மூஞ்சிக்கு வந்தா மேசையாவது ஒண்ணாவது!

5 இன்ச் ரேண்டம் ஆர்பிட்டல் சாண்டர் பாருங்க. பேட் சின்னச் சின்ன வட்டமா ஆடிக்கிட்டே தானாவும் சுத்தும். அதனால ஒரே தடத்துல கீறல் விழாது. ஆனா அமுக்கக் கூடாது, அமுக்கினா சுத்து நின்னு சுருள் சுருளாக் கோடு வரும்.

கடலூர் ஓ.டி. ஆளு:
ஒரே ஒரு மேசைக்கு அவ்வளவு எதுக்குண்ணே? சதுர பேட் வெச்ச ஃபினிஷிங் சாண்டர் விலை கம்மி. டிஸ்க் செலவே கிடையாது. ஹார்டுவேர் கடையில தொங்குற 9க்கு 11 இன்ச் உப்புத்தாளை நாலாக் கிழிச்சு கிளிப்புல மாட்டிக்கலாம். மெதுவாத்தான் போகும், ஆனா மூலை வரைக்கும் போகும்.

வில்லியனூர் பட்டறை:
அறுத்த தழும்போட இருக்கற பலாவுல அதை ஓட்டினா பொங்கல் வந்துடும் தம்பி. இழைப்புளி போட்டு மட்டமாக்கிட்டா நீங்க சொல்றது சரி.

ஆர்பிட்டல் வாங்கினா டிஸ்க் விஷயம்: பேட்ல 8 துளைன்னா டிஸ்க்லயும் அதே 8 துளை. பொருந்தலைன்னா தூள் பைக்குப் போகாம அடியிலேயே சிக்கி அடைச்சுடும். 80, 120, 180 போதும், நடுவுல 120ஐ விட்டுட்டுத் தாவாதீங்க. எல்லாம் கலந்த செட் வேணாம், பாதி நம்பர் சும்மா கிடக்கும். அடைச்சுப்போன டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீங்க, மிஷினை ஓடவிட்டு பழைய ரப்பர் ஹவாய் செருப்பைக் கவனமா லேசாக் காட்டுங்க, தூள் உருண்டு உருண்டு வந்துடும். நம்ம கடல் காத்துக்குப் பேப்பர் டிஸ்க் நமுத்துச் சுருளும், டப்பாவுல மூடி வைங்க.

மஞ்சக்குப்பம் மரவேலை:
அப்ப ஆர்பிட்டலே வாங்கிடறேண்ணே. ஏற்கெனவே கோடு விழுந்த இடத்துல நேரா 180 ஓட்டலாமா?

வில்லியனூர் பட்டறை:
180 அந்த ஆழத்தை எடுக்காது, பளபளன்னு இன்னும் எடுப்பாக் காட்டும். 80லேர்ந்து வாங்க. பலகை முழுக்க பென்சிலால கிறுக்குங்க, கிறுக்கல் மொத்தமும் போனதும் அடுத்த நம்பர். விளக்கை அணைச்சிட்டு டார்ச்சைப் பலகையோட படுக்க வெச்சு அடிச்சா மிச்சக் கோடு மாட்டும். மூக்குக்குத் துண்டு பத்தாது, என்95 மாஸ்க் போடுங்க. கண்ணாடியும்.