ஸ்கிரேப்பி வந்த ஆட்டின் மூளை: பார்த்தவர்கள் எழுதுங்கள்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். பிரிட்டனில் ஒரு கால்நடை ஆய்வகத்தில் சில வருடம் ஸ்லைடு பார்க்கும் வேலையில் இருந்தேன். ஸ்கிரேப்பி என்பது செம்மறி, வெள்ளாடுகளின் மூளையைக் கெடுக்கும் நோய். அந்தச் சந்தேகத்தில் வரும் செம்மறிகளின் மூளை என் மேசைக்கு வரும். கூடவே பண்ணையிலிருந்து ஒரு குறிப்பு: மூன்று வயது, வேலியில் உரசி உரசி ரோமம் கொட்டிவிட்டது, பின்னங்கால் தள்ளாடுகிறது, முதுகைச் சொறிந்துவிட்டால் வாயை மென்றுகொண்டே நிற்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு மூளையைப் பார்த்தால் வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. வீக்கமில்லை, ரத்தக்கசிவில்லை, சீழில்லை. வெறிநோய் என்றால் நுண்ணோக்கியில் ரத்தக் குழாய்களைச் சுற்றி வெள்ளணுக்கள் மொய்த்திருக்கும். இங்கே அதுவும் கிடையாது. காரணம், பிரியான் என்ற ஆட்டின் சொந்தப் புரதமே தவறாக மடிந்து, பக்கத்துப் புரதத்தையும் அப்படியே மடிய வைக்கிறது. உடம்புக்கு அது அந்நியமாகப் படுவதே இல்லை.

முதலில் பார்க்க வேண்டியது ஓபெக்ஸ், அதாவது முகுளத்தில் நான்காம் மூளையறை குறுகி முடியும் இடம். மண்டையை உடைக்க வேண்டாம். கழுத்துப் பக்கத்துப் பெரிய துளை வழியாக நீளமான கரண்டியை விட்டு எடுத்துவிடலாம். ஃபார்மலினில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவிச் சாயம் ஏற்றினால் வேகஸ் நரம்பின் உட்கரு, அதாவது அந்த நரம்பு புறப்படும் செல் கூட்டம், இரண்டு பக்கமும் தெரியும். அங்கே இருந்த ஒரு நரம்பு செல் இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. செல் முழுக்க ஒரே பெரிய குமிழி, பஞ்சிங் மெஷினில் குத்தியதுபோல் சுத்தமான விளிம்பு, நியூக்ளியஸ் ஓரத்தில் நசுங்கிக் கிடந்தது. அடுத்த செல்லில் சின்னதாக இரண்டு மூன்று. செல்களுக்கு நடுவே உள்ள நாரிழைப் பின்னலிலும் ஓட்டைகள். சுற்றிலும் நரம்பு செல்களைத் தாங்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள் பெருத்துப் பெருகியிருந்தன.

இடமும் வலமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்காமல் நான் எதையும் எழுத மாட்டேன். நல்ல ஆட்டிலும் ஓரிரு குமிழி இருக்கும். அதை வைத்து ஒரு மந்தையின் தலையெழுத்தை முடிவு செய்வது அநியாயம். பிரியான் புரதத்துக்கான ஆன்டிபாடி சாயத்தில் அதே இடங்களில் பழுப்பு நிறப் படிவு தெரிந்தால்தான் உறுதி.

இந்தக் குமிழிகளைப் பிரான்சில் பெனுவா 1898-லேயே விவரித்துவிட்டார். நோய் தொற்றும் என்று கூய்யே, ஷெல் என்ற இரு ஆய்வாளர்கள் நிரூபித்தது 1936-இல்தான். நோயுற்ற ஆட்டின் நரம்புத் திசுவை நல்ல ஆட்டின் கண்ணுக்குள் செலுத்திவிட்டு, ஒரு வருடத்துக்கு மேல் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அந்தப் பொறுமைக்கு எவ்வளவு மரியாதை செய்தாலும் தகும்.

நார்வேயிலிருந்து ஓர் உறுப்பினர்:

முதலில் எழுதிய டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் பார்த்தது வயதான ஆடு. அரிப்பே இல்லை, தள்ளாட்டம் மட்டும்தான். ஓபெக்ஸில் ஒரு குமிழிகூட இல்லை. ஆனால் சிறுமூளைப் புறணியில் ஓட்டைகள் இருந்தன, படிவும் இருந்தது. இங்கே 1998-இல் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட நார்98 என்ற வகை அது. ஓபெக்ஸை மட்டும் அனுப்பியிருந்தால் தவறவிட்டிருப்போம். தயவுசெய்து சிறுமூளையிலும் ஒரு துண்டு சேர்த்தே அனுப்புங்கள்.

சைப்ரசில் ஆட்டுப் பண்ணையில் வேலை செய்தவர்:

நான் யாழ்ப்பாணம். படிச்ச ஆள் இல்லை, பார்த்ததைச் சொல்லுறன். எங்கட பண்ணையில் வெள்ளாடு ஒன்று வடிவாகத் தின்னும், ஆனால் மெலிந்துகொண்டே போனது. பால் கறக்கும்போது உடம்பெல்லாம் நடுங்கும், பின்னங்காலை அகட்டி வைத்துத்தான் நிற்கும். செம்மறி மாதிரி உரசவில்லை. அரசாங்க டாக்டர் வந்து தலையை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு குட்டி போடும் இடத்தில் நஞ்சுக்கொடியை உடனுக்குடன் அள்ளச் சொல்லிவிட்டார்கள், அதில் நோய் இருக்குமாம்.

ஆய்வக டெக்னீசியன் ஒருவர்:

ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும் என்ற நினைப்பு இதில் உதவாது. 1930-களில் ஸ்காட்லாந்தில் ஆட்டு மூளையிலிருந்து ஃபார்மலின் சேர்த்து வேறொரு நோய்க்காகத் தயாரித்த ஒரு தடுப்பூசியாலேயே ஸ்கிரேப்பி பரவியது. நாங்கள் மெழுகில் பதிக்கும் முன் துண்டுகளை ஒரு மணி நேரம் அடர் ஃபார்மிக் அமிலத்தில் வைப்போம். அப்புறம்தான் கத்தி.

மதுரையிலிருந்து ஒரு கேள்வி: நம் நாட்டில் இது உண்டா சார்? தலை சாய்ந்து சுற்றுகிற செம்மறிகளை இங்கே அடிக்கடி பார்க்கிறேன்.

முதலில் எழுதியவர்:

இமயமலை அடிவாரத்துச் செம்மறிகளில் இருந்ததாக ஸ்லாட்னிக், கட்டியார் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1961-இல் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் சுற்றலுக்கு முதலில் நாடாப்புழுவின் நீர்க்கட்டியைத்தான் சந்தேகப்பட வேண்டும். மூளையைத் திறந்தாலே கண்ணுக்குத் தெரியும். கட்டி இல்லை என்றால் விட்டுவிடாதீர்கள். வெறிநோயாக இருக்கலாம், அதனால் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் தொடக் கூடாது. பாதியைப் பனிக்கட்டியில், மீதியை ஃபார்மலினில் வைத்து அனுப்புங்கள். எந்த வயது, எத்தனை நாளாக இப்படி, மந்தையில் வேறு ஆட்டுக்கும் இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.