வாசிப்புப் புரிதல் ஆய்வு: எந்த மாதிரி?

கேள்வி: நான்காம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஆய்வு. 1986இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் முன்வைத்த 'வாசிப்பின் எளிய பார்வை' போதுமா? உளவியலாளர் கின்ச்சின் மாதிரியும் வேண்டுமா?

பதில் 1: உங்கள் கேள்வியைப் பொறுத்தது. தடுமாற்றம் எழுத்திலா மொழியிலா என்று பிரிக்க எளிய பார்வையே போதும்: புரிதல் = எழுத்தைப் படித்தல் × கேட்டுப் புரிதல். பெருக்கல் என்பதால் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஆனால் நான்காம் வகுப்பில் பிழையின்மையை மட்டும் அளந்தால் பலரும் முழு மதிப்பெண் வாங்கிவிடுவார்கள், வேறுபாடே தெரியாது. "மிடுவல்", "துபிலை" மாதிரி பொருளில்லாத போலிச் சொற்களை ஒரு நிமிடத்தில் எத்தனை சரியாகப் படிக்கிறார்கள் என்று எண்ணுங்கள்.

பதில் 2: கேட்டலுக்கும் வாசிப்புக்கும் ஒரே வகைக் கேள்வி வையுங்கள். ஒன்றில் கோடிட்ட இடம், மற்றதில் வாய்மொழி விடை என்றால் தேர்வு முறையின் வேறுபாடுதான் கிடைக்கும். கேட்டல் பத்தி பேச்சுத்தமிழிலா எழுத்துத்தமிழிலா என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பதில் 3: பிள்ளை எப்படிப் புரிந்துகொள்கிறது என்பதை எளிய பார்வை சொல்லாது. அதற்குத்தான் கின்ச் 1988இல் தந்த கட்டமைப்பு-ஒருங்கிணைப்பு மாதிரி: பத்தியிலிருந்து கருத்துகளைக் கட்டி, முன்னறிவோடு ஒருங்கிணைப்பதே புரிதல் என்கிறது. ஒரு பத்தியைப் பாருங்கள்: "டம்ளர் கீழே விழுந்தது. அம்மா துடைப்பத்தை எடுத்தாள்." எதை எடுத்தாள் என்பது பனுவல் மட்டம், பத்தியிலேயே விடை இருக்கிறது. ஏன் எடுத்தாள் என்பது சூழல் மட்டம், முன்னறிவைச் சேர்த்து ஊகிக்க வேண்டும். 'உடைந்தது' என்ற சொல்லே பத்தியில் இல்லை. இரண்டு வகைக் கேள்விக்கும் மதிப்பெண்ணைத் தனித்தனியே போடுங்கள். வீட்டில் எவர்சில்வர் டம்ளர் மட்டும் பார்த்த பிள்ளை தவறினால் அது வாசிப்புக் குறை இல்லை, முன்னறிவுக் குறை.