பரவிய கட்டி சிகிச்சையின்றிக் கரையுமா?

கேள்வி: என் தங்கையின் மூன்று மாதக் குழந்தைக்கு சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியில் நியூரோபிளாஸ்டோமா (முதிராத நரம்பு செல்களில் தோன்றும் குழந்தைப் பருவப் புற்றுநோய்) கட்டி இருப்பதாகவும், அது கல்லீரலுக்கும் தோலுக்கும் பரவியிருந்தாலும் இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றும் மருத்துவர் கூறுகிறார். பரவிய புற்றுநோயை எப்படி விட்டுவைப்பது?

பதில் 1: ஐயா, உங்கள் பதற்றம் புரிகிறது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில், பரவல் கல்லீரல், தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவற்றோடு நின்றுவிடும் இவ்வகை, 1971ஆம் ஆண்டிலேயே 4எஸ் நிலை எனத் தனியாகப் பிரிக்கப்பட்டது; இதில் கட்டி தானாகவே சுருங்கி மறைவது பலமுறை பதிவாகியுள்ளது. ஆனால் கட்டியை வேகமாக வளரச் செய்யும் மைசிஎன் மரபணுவின் நகல்கள் கட்டியின் செல்களில் பெருகியிருக்கின்றனவா என்று அவசியம் கேளுங்கள். பெருகியிருந்தால் காத்திருக்க இடமில்லை.

பதில் 2: ஜெர்மனியிலும் கனடாவின் கியூபெக்கிலும் குழந்தைகளின் சிறுநீரில் இக்கட்டி வெளியிடும் வேதிப்பொருள்கள் உள்ளனவா எனச் சோதித்துக் கட்டிகளை முன்கூட்டியே கண்டறிந்தபோது, நோயாளிகளின் எண்ணிக்கை கூடியதே தவிர இறப்பு குறையவில்லை என 2002இல் வெளியான ஆய்வுகள் காட்டின. அதாவது, யாரும் அறியாமலே கரைந்திருக்கக்கூடிய கட்டிகளும் அதில் பிடிபட்டன.

பதில் 3: எங்கள் மகளின் தோலுக்கடியில் நீலம் பாய்ந்த, மொச்சைக்கொட்டை அளவு முடிச்சுகள் இருந்தன. குளிப்பாட்டும்போதெல்லாம் விரலால் தடவிப் பார்ப்பேன். ஆறாம் மாதத்திலிருந்து அவை ஒவ்வொன்றாகச் சுருங்கின. காத்திருப்பது என்றால் கவனிக்காமல் இருப்பதன்று; ஸ்கேனும் சிறுநீர்ச் சோதனையும் தொடர்ந்து நடந்தன. கல்லீரல் வீங்கி வயிறு உப்பி மூச்சுத் திணறினால், நள்ளிரவானாலும் தயங்காமல் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.