ஒரு லிப்பிடு குறைந்தால் செல் சவ்வு ஏன் தடுமாறுகிறது?

கேள்வி:
சில மரபணு நோய்களில் குறிப்பிட்ட ஒரு லிப்பிடு (கொழுப்பு வகை மூலக்கூறு) மட்டும் போதிய அளவு உருவாவதில்லை என்று படித்தேன். சவ்வில் நூற்றுக்கணக்கான வகை லிப்பிடுகள் இருக்கையில், குறைந்ததன் இடத்தை இன்னொன்று நிரப்பிவிடாதா? அல்லது சவ்வு கிழிந்துவிடுகிறதா?

பதில் 1:
சவ்வு கிழிவதில்லை, இடமும் பெரும்பாலும் நிரம்பிவிடுகிறது. சிக்கலே அங்குதான். ஸ்மித்-லெம்லி-ஓபிட்ஸ் நோயில், டி.எச்.சி.ஆர்.7 மரபணுவில் உள்ள பிழையால், கொலஸ்ட்ரால் உருவாக்கத்தின் கடைசிப் படிக்குரிய நொதி சரிவர இயங்குவதில்லை. கொலஸ்ட்ரால் குறைய, முந்தைய படியின் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் தேங்கிச் சவ்வில் குடியேறுகிறது. இரண்டுக்கும் வேறுபாடு ஒரேயோர் இரட்டைப் பிணைப்புதான். ஆனால் அந்தக் கூடுதல் பிணைப்பால் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் மிக எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, செல்லுக்கு நஞ்சாகும் பொருள்களாக மாறுகிறது. மேலும், கருவில் உறுப்புகளுக்கு வடிவம் தரும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையில் ஸ்மூத்தன்ட் என்னும் சவ்வுப் புரதம் கொலஸ்ட்ராலுடன் பிணைந்தே இயங்குகிறது. இக்குழந்தைகள் பலருக்குக் காலின் இரண்டாம், மூன்றாம் விரல்கள் ஒட்டியிருப்பதை இந்தச் சமிக்ஞைக் குறைபாட்டோடு தொடர்புபடுத்துகிறார்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆயினும் செல்லின் வெளிச்சவ்வோடு நின்றுவிடக் கூடாது என்பது என் கருத்து. பார்த் நோய்க்குறியில் அடிபடுவது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வு. அங்குள்ள கார்டியோலிப்பின் என்னும் லிப்பிடுக்கு, சவ்வின் வழக்கமான பாஸ்போலிப்பிடுகளைப் போல இரண்டு அல்லாமல், நான்கு கொழுப்பு அமில வால்கள் உண்டு. அவற்றைத் தக்கபடி மாற்றிப் பொருத்தும் டஃபாசின் நொதி பழுதானால், முதிர்ந்த கார்டியோலிப்பின் குறைந்து, ஒரு வால் இழந்த மோனோலைசோகார்டியோலிப்பின் பெருகுகிறது. உட்சவ்வின் மடிப்புகள் குலைகின்றன. அருகருகே கோத்து நின்று செல்லுக்கு ஆற்றல் உருவாக்க வேண்டிய சுவாசப் புரதத் தொகுதிகள் தளர்கின்றன. ஓயாமல் ஆற்றல் கேட்கும் இதயத்தசைதான் இதில் பெரிதும் அடிபடுகிறது. மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் பாதிக்கப்படுவோர் ஏறத்தாழ எல்லோருமே ஆண்கள். நோயறியவும் கார்டியோலிப்பினின் அளவை மட்டும் பார்ப்பதில்லை. மோனோலைசோகார்டியோலிப்பினுக்கும் அதற்கும் உள்ள விகிதத்தையே பார்க்கிறார்கள்.

கேள்வி கேட்டவர்:
விளக்கங்களுக்கு நன்றி. அப்படியானால் முதல் நோய்க்குக் கொலஸ்ட்ராலை உணவாகவே கொடுத்துவிடலாமே?

பதில் 1:
கொடுக்கிறார்கள், இரத்தத்தில் அளவும் உயர்கிறது. ஆனால் இரத்த-மூளைத் தடுப்பை அது கடப்பதில்லை. மூளை தனக்கு வேண்டிய கொலஸ்ட்ராலைத் தானே தயாரித்துக்கொள்ளும் உறுப்பு. அங்கும் பழுதாகி நிற்பது அதே நொதிதான்.