சிலிண்டர் ஏற்றி இறக்கும்போது நடந்தவை: திருகோணமலை டைவிங் ஆட்கள் எழுதுங்கள்

நிலாவெளியான்:
உப்புவெளியிலிருந்து வேன் நிறையச் சிலிண்டர். ஆவணி மாத வெயில். நிலாவெளியில் ஒரு தேநீர்க் கடையோரம் நிறுத்தி இறங்கியதும் உள்ளே ஒன்றின் பர்ஸ்ட் டிஸ்க், அதாவது அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து காற்றை வெளியே விடுகிற வால்வுத் தகடு, போய்விட்டது. லொறி டயர் வெடித்தது போல ஒரு சத்தம், அப்புறம் காதை அடைக்கிற சீறல். கதவு வழியாக வெள்ளையாகப் புகை மாதிரி வந்தது, குளிர்ந்த ஈரக்காற்றுத்தான். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் கடையில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அம்மா கோப்பையைப் போட்டுவிட்டு நிலத்தில் குப்புறப் படுத்துவிட்டார், இரண்டு கையும் தலைக்கு மேல். சண்டைக்காலத்தில் பழகின உடம்பு. சீறல் நின்ற பிறகும் எழும்பவில்லை. பக்கத்தில் குந்தி, "காத்துத்தான் அம்மா, ஒண்டுமில்லை" என்றேன். "மெய்யாவோ தம்பி?" தலையைத் தூக்காமலே கேட்டார். எங்கள் முதலாளி வெயிலால் வந்தது என்கிறார். வேறு யாருக்கும் இப்படி நடந்ததா?

கம்ப்ரசர் மணி:
வெயில் மேல் பழி போடாதீர்கள். 30 பாகையில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய சிலிண்டர் 60 பாகைக்குச் சூடானாலும் 220 பார் அளவில்தான் நிற்கும். 207 பார் வரை நிரப்பவென்று செய்த சிலிண்டரின் டிஸ்க் போவதற்கு அதைவிட எவ்வளவோ கூடுதல் அழுத்தம் வேண்டும். உப்பு அரித்த பழைய டிஸ்க்கை மாற்றாமல் விட்டிருப்பார்கள். உங்கள் முதலாளியிடம் கேளுங்கள், கடைசியாக எப்போது மாற்றினார் என்று. எனக்கு அப்படி நடந்ததில்லை, நான் மாற்றுகிறவன்.

புறாமலைப் படகு:
டிஸ்க்கை விடுங்கள். புறாமலைத் தீவிலிருந்து திரும்பிக் கரையில் இறக்கும் நேரம் பின்னால் அலை தூக்கியது. நிறுத்தி வைத்திருந்த அலுமினியம் 80 ரகச் சிலிண்டர் ஒன்று சரிந்து எங்கள் பொடியனின் கால் பெருவிரலில் விழுந்தது. வெறுஞ்சிலிண்டரே 14 கிலோ. நகம் கறுத்துப் போனது. அவன் கத்தவில்லை, வால்வைத்தான் முதலில் பார்த்தான். அது இன்னும் மனதில் நிற்கிறது.

சாம்பல்தீவு மச்சான்:
படகில் யார் நிறுத்தி வைக்கச் சொன்னது? கடலட்டை பிடிக்கப் போகிற பொடியன்கள் ஆட்டோவின் பின்சீட்டில் இரண்டைச் சாய்த்துக்கொண்டு போவதைப் பார்த்து நான் சண்டையே பிடித்திருக்கிறேன். வளைவில் ஒன்று உருண்டு ஓட்டுநரின் முதுகில் இடித்தது, அவ்வளவுதான் என் கதை. ஆனால் கேளுங்கள். சிலிண்டரைப் படுக்கவைத்து இரண்டு பக்கமும் அணை கொடுத்துக் கட்டுங்கள். தூக்கும்போது வால்வின் கழுத்தைப் பிடியுங்கள், திருகுகிற குமிழைப் பிடிக்காதீர்கள். காற்றை முழுதாக இறக்காதீர்கள், கொஞ்சம் விட்டுவைத்தால்தான் கடல்தண்ணீர் உள்ளே போகாது. மூச்சுக்காற்று தருகிற ரெகுலேட்டரைப் பூட்டுமுன் வால்வை ஒரு நொடி திறந்து அதன் வாயில் நிற்கிற தண்ணீரை ஊதிவிடுங்கள். ஆண்டுக்கொரு முறை உட்பக்கம் பார்க்கவேண்டும், ஐந்தாண்டுக்கொரு முறை ஹைட்ரோ டெஸ்ட், தண்ணீர் நிரப்பி அழுத்தம் தாங்குமா என்று பார்ப்பது. தோள்பகுதியில் தேதி அடித்திருக்கும், பெயின்ட் பூசி மறைத்திருந்தால் அந்தச் சிலிண்டரை வாங்கவே வேண்டாம்.

புறாமலைப் படகு:
அண்ணை, அணை கொடுக்கப் படகில் இடம் எங்கே? ஆறு வெள்ளைக்காரரும் அவர்களின் பையும் ஏறின பிறகு நாங்களே காலை மடக்கிக்கொண்டுதான் வருகிறோம்.

கம்ப்ரசர் மணி:
அப்ப நாலு பேரை ஏற்றுங்கள். நிலாவெளியான், போனது டிஸ்க்தானா என்று வால்வையும் பார்த்துச் சொல்லுங்கள். ஐரோப்பிய வால்வுகளில் பெரும்பாலும் டிஸ்க்கே இருக்காது.